மூடிய பெட்டியும் திறந்த மீட்டரும்



எந்தப் பெரியவரின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அவர் மின்வாரியத்தில் மீட்டர் சோதனைப் பிரிவில் பணியாற்றியவர் என்று அழைப்பிதழோடு வந்த குறிப்பில் படித்தேன். தலைப்பு தேடும் வேலை எனக்கு அத்துடன் முடிந்தது. "எங்களிடம் ஒரு புதிய ஆற்றல் இருக்கிறது, எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள்" என்று சொல்லும் நிறுவனத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் என்னை ஒரு பட்டறைக்கு அழைத்துப்போனார். ஊர்ப்பெயர் வேண்டாம். தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மோட்டார், பெல்ட், அதன் மறுமுனையில் ஒரு ஜெனரேட்டர், மேசைக்கடியில் ஒரு லாரி பேட்டரி. பேட்டரி கிளப்பிவிடுவதற்கு மட்டும்தானாம்; பிறகு மோட்டார் ஜெனரேட்டரைச் சுற்றும், ஜெனரேட்டர் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும், மிச்சத்தில் பல்பு எரியும். நூறு வாட் பல்புகள் ஐந்து எரிந்தன. வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் பேட்டரிக் கம்பியில் ஒரு மீட்டரைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். "மீட்டர் வெச்சா ஃபீல்டு கலைஞ்சிடும் சார்" என்றார் உரிமையாளர்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 1.2 யூனிட். ஐந்து பல்புக்கு மணிக்கு அரை யூனிட். எந்த அதிசயமும் இல்லாமல் அந்தப் பேட்டரியே இரண்டு மணி நேரம் பல்பை எரித்துவிடும். காட்சி நாற்பது நிமிடம்தான் நடந்தது.

இதைச் சொல்லி எல்லா ரகசியக்காரர்களையும் ஏமாற்றுக்காரர்கள் என்று முடித்துவிட்டால் என் வேலை சுலபம். அப்படிச் சொல்ல மாட்டேன். தொழிலில் ரகசியம் இருக்கும். நம் சித்த மருத்துவர்கள் மருந்தின் முறையைப் பரிபாஷையில் ஒளித்தார்கள். பிரியாணிக் கடைக்காரர் மசாலாவைச் சமையல்காரர் கண்ணில்கூடக் காட்டாமல் தானே கலப்பார். ஆனால் பிரியாணி தட்டுக்கு வந்தாக வேண்டும்; ருசி பார்ப்பவர் கடைக்காரரின் மைத்துனராக இல்லாமலும் இருக்க வேண்டும். செய்முறையை மூடிவைக்க ஒருவருக்கு உரிமை உண்டு. விளைவை மூடிவைக்கும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்த இரண்டும் ஒரே பூட்டுக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவில் ஒரே ஆண்டில், 2001-இல், தோன்றிய இரண்டு நிறுவனங்களை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, டெக்சாஸ் மாநிலத்தின் சீடர் பார்க்கில் இருந்த ஈஈஸ்டோர். ரிச்சர்ட் வியர், கார்ல் நெல்சன் முதலியோர் தொடங்கியது. இணையதளம்கூட வைத்துக்கொள்ளாத நிறுவனம் என்று பத்திரிகைகள் வியந்து எழுதின. அவர்கள் செய்ய நினைத்தது பேட்டரிக்குப் பதிலாக ஒரு மின்தேக்கி. நாம் மின்விசிறியில் மாட்டுகிறோமே, "கண்டென்சர்" என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதன் தூரத்துச் சொந்தம். அதில் வேதிவினை கிடையாது. அதனால் நொடியில் ஏற்றலாம், லட்சம் முறை ஏற்றி இறக்கலாம். குறை ஒன்றுதான்: கொள்ளளவு மிகச் சிறியது. அந்தக் குறையை நீக்கிவிட்டோம் என்பதே ஈஈஸ்டோரின் வாதம்.

நல்ல வேளையாக, வாய் திறக்காத இந்த நிறுவனம் காப்புரிமை வாங்கியிருந்தது. காப்புரிமை என்பது ஒரு பேரம். அரசு உனக்குச் சில ஆண்டுகள் தனியுரிமை தரும், பதிலுக்கு நீ எழுதிக்கொடுக்க வேண்டும். 2006-இல் வந்த அந்த ஆவணத்தில் எண்கள் இருந்தன. பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் வகையை மாற்றியமைத்து, அலுமினாவால் பூசி, மெல்லிய ஏடுகளாக அடுக்கிய மின்தேக்கி. சுமார் 31 ஃபாரட், 3500 வோல்ட், எடை 336 பவுண்டு, அதாவது 152 கிலோ. சேமிக்கும் ஆற்றல் 52 யூனிட்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் யாராவது இருந்தால் இப்போதே போட்டுப் பார்க்கலாம். மின்தேக்குத்திறனை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்குங்கள். ஏறத்தாழ 19 கோடி ஜூல் வரும். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். வகுத்தால் 52 யூனிட்டைச் சற்றே தாண்டி நிற்கிறது. கணக்கு சரி! பலர் இந்த இடத்தில்தான் மயங்கினார்கள். கூட்டல் பெருக்கலில் தவறில்லாத பொய்யும் உண்டு, தவறில்லாத ஆசையும் உண்டு. கூட்டல் சரியாக இருப்பதால் கடைக்காரர் சொல்லும் விலை நியாயமாகிவிடுவதில்லை.

கேள்வி அந்த ஏட்டுக்குள் இருக்கிறது. ஏட்டின் தடிமன் ஏறத்தாழ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அதன் குறுக்கே 3500 வோல்ட். ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குக் கணக்கிட்டால் சுமார் மூன்றரை லட்சம் வோல்ட். சாதாரணப் பீங்கான் இதில் பாதி வழி வருவதற்கு முன்பே பொத்துக்கொண்டு போகும். சரி, தாங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. பேரியம் டைட்டனேட்டின் ஒப்புமை விடுதிறன், அதாவது மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்க அந்தப் பொருள் எத்தனை மடங்கு உதவும் என்ற எண், ஆயிரக்கணக்கில் இருக்கும் என்பது உண்மை. ஆனால் அது சிறிய மின்னழுத்தத்தில் அளந்தபோது கிடைக்கும் எண். அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட அந்தப் பொருள் திகட்டிப்போகும், விடுதிறன் சரிந்துவிடும். முதல் இட்லியைச் சாப்பிட்ட வேகத்தில் இருபதாவது இட்லியையும் சாப்பிடுவார் என்று விருந்தாளிக்குக் கணக்குப் போடுவதுபோல, சிறிய அழுத்தத்தில் கிடைத்த எண்ணைப் பெரிய அழுத்தத்துக்கும் அப்படியே எடுத்துச்சென்றிருக்கிறார்களோ என்பதுதான் துறையறிந்தவர்களின் சந்தேகம். எங்கள் பொருளுக்கு அந்தத் திகட்டல் இல்லை என்றது நிறுவனம்.

கடைகளில் கிடைக்கும் பீங்கான் மின்தேக்கிகள் ஒரு கனசென்டிமீட்டரில் சேர்ப்பது ஒரு சில ஜூல். ஈஈஸ்டோர் சொன்னது அதைப்போல ஆயிரம் மடங்கு. ஒரு துறை முழுதும் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று ஏறிக்கொண்டிருக்கும்போது ஒருவர் ஆயிரம் மடங்கு என்றால், அது நடக்கவே நடக்காது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நிரூபிக்கும் சுமை அவர் தலையில் ஆயிரம் மடங்கு ஏறுகிறது.

நிரூபணம் மிக எளிது என்பதுதான் வேடிக்கை. ஒரே ஒரு ஏட்டை, ஒரே ஒரு செல்லைக் கொடுத்தால் போதும். செய்முறையைச் சொல்ல வேண்டாம், பொடியின் கலவையைச் சொல்ல வேண்டாம். முழு அழுத்தத்துக்கு ஏற்றி, இறக்கி, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, ஒரு இரவு வைத்திருந்தால் கசிந்தது எவ்வளவு என்று வெளியார் ஒருவர் அளக்கலாம். ஒரு நாள் வேலை. அது வரவில்லை. வந்தவை வேறு. பொடியின் தூய்மைக்கு ஒரு சான்று. 2009-இல் விடுதிறனுக்கு ஒரு சான்று. அவை பொய்ச் சான்றுகள் என்று நான் சொல்லவில்லை. மாவு நல்ல மாவு, அரிசி நல்ல அரிசி என்று சான்றிதழ் வந்துகொண்டே இருந்தது. இட்லி மட்டும் வரவில்லை.

இதற்குள் கனடாவின் டொரான்டோவில் ஜென் என்ற சிறிய மின்கார் நிறுவனம் தன் எதிர்காலத்தையே இதில் கட்டிவிட்டது. 2008-இல் அவர்கள் அறிவித்த கார் மணிக்கு 125 கிலோமீட்டர் ஓடும், ஒருமுறை ஏற்றினால் 400 கிலோமீட்டர் போகும், ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம். இந்த ஐந்து நிமிடத்தையும் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம். 52 யூனிட்டை ஐந்து நிமிடத்தில் ஏற்ற 624 கிலோவாட் வேண்டும். நம் தெருமுனையில் நிற்கும் 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் ஆறேழு சேர்ந்து ஒரே காருக்கு உழைக்க வேண்டும். முடியாதது அல்ல. ஆனால் விளம்பரத்தில் அந்த டிரான்ஸ்ஃபார்மர்கள் இல்லை.

அதே 2008-இல் கலிபோர்னியாவில் டெஸ்லா ரோட்ஸ்டர் விற்பனைக்கு வந்தது. அதன் பேட்டரி 53 யூனிட். கிட்டத்தட்ட அதே அளவு, அதே 400 கிலோமீட்டரை ஒட்டிய தூரம். உள்ளே இருந்தவை மடிக்கணினியில் போடும் வகை லித்தியம் செல்கள், 6831 எண்ணிக்கை. எடை 450 கிலோ. கனம்தான், விலை அதிகம்தான், ஏற்ற மணிக்கணக்கில் ஆகும். ஆனால் ஒவ்வொரு செல்லையும் சந்தையில் வாங்கி, யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம். ரகசியமில்லாத 450 கிலோ சாலையில் ஓடியது. ரகசியமான 152 கிலோ அறிக்கைகளில் ஓடியது. ஜென் 2010-இல் கார் தயாரிப்பை நிறுத்தியது. பிறகு ஈஈஸ்டோரின் பெரும்பங்கை அதுவே வாங்கி, தன் பெயரையும் ஈஈஸ்டோர் என்று மாற்றிக்கொண்டு, 2021-இல் ஃபுயல்பாசிட்டிவ் என்று மறுபடி பெயர் மாற்றி அம்மோனியா உற்பத்திப் பக்கம் திரும்பிவிட்டது. இருபது ஆண்டுகள். 52 யூனிட் மின்தேக்கியைக் கையில் தொட்டவர் எவரும் இல்லை.

இது மோசடியா? நான் அப்படி நினைக்கவில்லை. தன் பொருளைத் தானே மிகுதியாக நம்பிய பொறியாளரின் கதை என்றே எனக்குத் தோன்றுகிறது. முதலீட்டாளருக்கு அந்த வேறுபாட்டால் ஒரு காசும் திரும்பி வராது என்பது வேறு விஷயம்.

இரண்டாவது நிறுவனத்துக்கும் நம் திருச்சிக்கும் தொடர்பு உண்டு. இன்று என்.ஐ.டி. என்று அழைக்கப்படும் அன்றைய மண்டலப் பொறியியற் கல்லூரியில் இயந்திரவியல் படித்தவர் கே.ஆர். ஸ்ரீதர். பிறகு அமெரிக்கா சென்று, அரிசோனா பல்கலைக்கழகத்தில் நாசாவுக்காக, செவ்வாயின் காற்றில் உள்ள கரியமில வாயுவிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் கருவியில் வேலை செய்தார். மின்சாரம் கொடுத்து ஆக்சிஜன் எடுப்பது அந்தக் கருவி. அதையே திருப்பிப் போட்டால் எரிபொருளும் ஆக்சிஜனும் கொடுத்து மின்சாரம் எடுக்கலாம். அந்த எண்ணத்தில் 2001-இல் அயான் அமெரிக்கா என்று தொடங்கியதுதான் பின்னாளில் ப்ளூம் எனர்ஜி ஆனது. எட்டு ஆண்டுகளுக்கு மேல் இவர்களும் வாய் திறக்கவில்லை. திரட்டிய மூலதனம் சுமார் 40 கோடி டாலர்.

2010 பிப்ரவரியில் தொலைக்காட்சியில் ஸ்ரீதர் தோன்றி, கையடக்கமான பீங்கான் தகடுகளைக் காட்டினார். ஒரு பக்கம் பச்சை மை, மறுபக்கம் கருப்பு மை. மைக்குள் என்ன என்று கேட்டால் சிரித்தார். மூன்று நாள் கழித்து சான் ஹோசேயில் ஈபே வளாகத்தில் கலிபோர்னியாவின் அன்றைய ஆளுநர் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் முன்னிலையில் அறிமுக விழா. வெளித்தோற்றத்துக்கு, ஈஈஸ்டோரைவிட ஆரவாரம் அதிகம். சந்தேகப்படவும் இடம் அதிகம்.

ஆனால் வேறுபாட்டைப் பாருங்கள். ப்ளூமின் பெட்டி எந்த இயற்கை விதியோடும் மோதவில்லை. திட ஆக்சைடு எரிபொருள் மின்கலம் பழைய சரக்கு. சூடான சிர்கோனியாவின் வழியே அயனி ஓடும் என்பதை நெர்ன்ஸ்ட் 1899-லேயே தன் விளக்கில் பயன்படுத்திவிட்டார். 1930-களில் சுவிட்சர்லாந்தில் அதை மின்கலமாகவே செய்து பார்த்தார்கள். ப்ளூமின் மை புதிதாக இருக்கலாம். பெட்டிக்குள் போவது இயற்கை எரிவாயு, வருவது மின்சாரமும் கரியமில வாயுவும் என்பதில் மந்திரம் எதுவுமில்லை. அதைவிட முக்கியம், திரை விலகும் முன்பே பெட்டிகள் வெளியார் வளாகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கூகுள் 2008-லேயே 400 கிலோவாட் வாங்கியிருந்தது. எரிவாயு மீட்டரும் மின் மீட்டரும் வாடிக்கையாளர் கையில்.

நிறுவனம் கொடுத்த விவரத்தாளில் ஒரு மெகாவாட்-மணிக்கு 773 பவுண்டு கரியமில வாயு என்று ஒரு வரி இருந்தது. ஒரு யூனிட்டுக்கு 350 கிராம். எரிவாயுவை எரித்தால் எவ்வளவு வெப்பத்துக்கு எவ்வளவு கரியமிலம் என்பது பாடப்புத்தக விஷயம். திருப்பிக் கணக்கிட்டால் பெட்டியின் திறன் ஐம்பது சதவீதத்தை ஒட்டி வருகிறது. நல்ல திறன், நம்பக்கூடிய திறன். மையின் ரகசியத்தை ஒரு துளியும் கசியவிடாமல் இந்த ஒரு வரியால் அவர்கள் தங்களைச் சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார்கள்.

ப்ளூமை விமர்சிக்க வேண்டிய இடம் கல்லாப்பெட்டி. 100 கிலோவாட் பெட்டி ஒன்று அன்று 7 லட்சம் முதல் 8 லட்சம் டாலர். ஈபே ஐந்து பெட்டி வைத்து ஒன்பது மாதத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் மிச்சம் பிடித்ததாகச் சொன்னது. ஐந்து பெட்டியின் விலை 35 லட்சம் டாலருக்குக் குறையாது. அந்த மிச்சத்தை வைத்து அசலை எடுக்க இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் உள்ளிருக்கும் அடுக்குகளைப் பலமுறை மாற்ற வேண்டும். கலிபோர்னியாவில் மாநில உதவியும் மத்திய வரிச்சலுகையும் சேர்ந்து விலையில் பாதியைத் தாங்கின. அதனால்தான் கணக்கு ஓரளவு நின்றது. வீட்டுக்கு வீடு 3000 டாலருக்கும் குறைவாக ஒரு பெட்டி, பத்து ஆண்டுக்குள் என்று ஸ்ரீதர் அன்று சொன்னது இன்றுவரை வரவில்லை. 2018-இல் பங்குச்சந்தைக்கு வந்த நிறுவனம் 2020-இல் தன் பழைய ஆண்டுக் கணக்குகளைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. ஆக, இயந்திரம் உண்மையாக இருந்தும் பேச்சில் மிகை இருக்கலாம். கணக்குப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் இருக்கலாம். சந்தேகம் என்பது ஒரே துணியில் தைத்த சட்டை அல்ல. இயற்கை அனுமதிக்குமா என்று ஈஈஸ்டோரிடம் கேட்க வேண்டியதை ப்ளூமிடம் கேட்பது வீண். கட்டுப்படியாகுமா என்று ப்ளூமிடம் கேட்க வேண்டியதை ஈஈஸ்டோரிடம் கேட்பது அதைவிட வீண்.

இங்கே ஒரு செய்தியை இதுவரை மறைத்து வைத்திருந்தேன். இரண்டு நிறுவனங்களிலும் பணம் போட்டது ஒரே முதலீட்டு நிறுவனம்: சிலிக்கான் பள்ளத்தாக்கின் கிளைனர் பெர்கின்ஸ், கூகுளிலும் அமேசானிலும் தொடக்கத்திலேயே முதலீடு செய்தவர்கள். "அவர்களே போட்டிருக்கிறார்கள், நீ யார் கேட்க?" என்பது அந்நாளில் ஈஈஸ்டோர் ஆதரவாளர்களின் கடைசி ஆயுதம். கிளைனர் பெர்கின்ஸ் ஈஈஸ்டோரில் போட்டது 30 லட்சம் டாலர். அவர்களுக்கு அது கோயில் உண்டியலில் போடும் பத்து ரூபாய். நூறு இடத்தில் போடுவார்கள், தொண்ணூறு போனாலும் ஒன்றில் எடுத்துவிடுவார்கள். 2009-இல் ஜென் மேலும் 50 லட்சம் டாலர் கொடுத்துத் தன் பங்கை 10.7 சதவீதமாக உயர்த்திக்கொண்டது. ஜென்னுக்கு அது தாலிப்பொன். ஜென்னின் பங்கை வாங்கிய ஓய்வூதியக்காரருக்கோ அடுத்த மாத மருந்துச் செலவு. பெரிய முதலீட்டாளரின் பெயர், வெல்வதற்குச் சிறு வாய்ப்பு உண்டு என்பதற்குத்தான் சாட்சி. அதை உண்மைக்குச் சாட்சியாகச் சின்னவர் வாசிக்கிறார். இராணுவத் தளவாடம் செய்யும் லாக்ஹீட் மார்ட்டின் 2008-இல் ஈஈஸ்டோருடன் போட்ட ஒப்பந்தமும் இப்படித்தான் வாசிக்கப்பட்டது. பொருள் வந்தால் எனக்கும் கொடு என்பது ஒப்பந்தம். பொருள் வந்துவிட்டது என்று ஊர் படித்தது.

செய்முறைக் காட்சிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. காட்சி எப்போதும் காட்டுகிறவருக்குச் சொந்தம். பிலடெல்பியாவில் ஜான் கீலி என்பவர் 1870-களிலிருந்து கால் நூற்றாண்டு காலம் புதிய விசை என்று காட்டிக்கொண்டிருந்தார். 1898-இல் அவர் இறந்த பிறகு ஆய்வகத்தைத் தோண்டியபோது அடித்தளத்தில் அழுத்தப்பட்ட காற்றுக்கான பெரிய இரும்புக் கோளம் கிடைத்தது. டப்ளினின் ஸ்டியார்ன் 2006-இல் எகனாமிஸ்ட் இதழில் விளம்பரம் கொடுத்து, எங்கள் காந்த இயந்திரத்தைச் சோதிக்க வாருங்கள் என்று அறிவியலாளர்களை அழைத்தது. அழைத்த துணிச்சலுக்கு ஒரு வணக்கம். 2009-இல், அப்படி வந்த அறிவியலாளர்களின் நடுவர் குழு ஒருமனதாகச் சொன்னது: ஆற்றல் பிறந்ததற்குச் சான்று காட்டப்படவில்லை.

நம் ஊர் மூலிகை பெட்ரோல் இந்த அவையில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1996-இல், தண்ணீரில் மூலிகை இலையைப் போட்டு பெட்ரோல் எடுப்பதாக ராமர் பிள்ளை நடத்திய காட்சியைப் பார்த்து வியந்தவர்களில் படித்தவர்கள் உண்டு, அறிவியல் அதிகாரிகளும் உண்டு. அந்த ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "தண்ணியில கார்பன் எங்கிருந்து சார் வந்துச்சு?" என்று கேட்டான். நாடே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. போட்ட இலையின் எடை எவ்வளவு, வந்த எண்ணெயின் எடை எவ்வளவு என்று ஒரு தராசு கேட்டிருந்தால் பேச்சு அன்று மாலையே முடிந்திருக்கும். நாம் தமிழன் கண்டுபிடித்தானா இல்லையா என்று சண்டை போட்டோம். சென்னை நீதிமன்றம் ராமர் பிள்ளைக்கு மூன்று ஆண்டு சிறை விதித்தது 2016-இல்.

நேரம் ஆகிவிட்டது என்று அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டு ஆண்டுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். விருப்ப ஓய்வு வாங்கியிருந்தார். கையில் வழவழப்பான நான்கு பக்கப் பிரசுரம்: புதுவகை பேட்டரி, தொழில்நுட்பம் ரகசியம், ஆரம்பத்தில் சேர்பவர்களுக்கு மட்டும் பங்கு. "என்ன சார் நினைக்கிறீங்க?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன், உண்மையிலேயே தெரியவில்லை. பிரசுரத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்: ஒரு செல்லின் எடை எத்தனை கிராம்? அதில் போனது எத்தனை யூனிட், வந்தது எத்தனை யூனிட்? எத்தனை நாள் தொடர்ந்து அளந்தார்கள்? மீட்டரைப் படித்தவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? "உள்ளே என்ன இருக்குன்னு கேட்காதப்பா, அது அவங்க உரிமை. இதை மட்டும் கேளு" என்றேன்.

ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார்.

"பதில் வந்துச்சா?"

"வந்துச்சு சார். தொழிற்சாலை பூமி பூஜைக்கு அழைப்பிதழ். முதல் வரிசையில எனக்குச் சீட்டு போட்டிருந்தாங்க."

"போனியா?"

"போனேன் சார். சாப்பாடு பிரமாதம்."

பணம் போட்டாயா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.